முந்தானையின் மறுபக்கம்

சேவூர் உண்ணாமலை பெண் பார்க்கப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள். முந்தானையைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்ப்பாள். பட்டின் முன்பக்கம் யார் நெய்தாலும் மின்னும், வீட்டு லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவள் கட்சி. பின்பக்கம் இழை தொங்கியது என்று ஒரு நல்ல சம்பந்தத்தையே உதறிவிட்டு வந்தவள்.

எங்கள் மகள் ஸ்வர்ணலதாவோ அவள் பிள்ளை சிவகுமாரைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று நின்றாள். டைப்ரைட்டிங் கிளாஸில் ஆரம்பித்த சமாச்சாரம். பையன் வீட்டில் சண்டை போட்டு அம்மாவை இறங்கி வரச் செய்தான். அவளும் ஒரு நிபந்தனையோடுதான் இறங்கினாள்.

"கடைப்பொடவை வாணாம். உங்க தறியில நெய்ததைக் கட்டிகினு பொண்ணு நிக்கட்டும். பாத்துட்டு சொல்றேன்."

நெய்ய வேண்டியவர் என் வீட்டுக்காரர் அருணகிரி. ஆரணியில் கை சுத்தமான நெசவாளி என்று பேர் எடுத்தவர். அதெல்லாம் நாற்பத்தைந்து வயது வரைக்கும். அப்புறம் பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடி போடுங்கள் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"கண்ணாடி மாட்டிகினு தறியில குந்தறதுக்கு நான் இன்னா கணக்குப்பிள்ளையா?"

இழை அறுந்தால் நூல் மட்டம், சாயக்காரன் மட்டம், ட்யூப்லைட் மட்டம். உலகத்தில் எல்லாமே மட்டம், இவர் கண் மட்டும் உசத்தி.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், தை மாதம். அவர்கள் வருகிற நாள் காலையில் மடிப்பு வைக்கலாம் என்று புடவையை எடுத்தேன். முந்தானையில் ஓரிடத்தில் விரலில் என்னவோ நெருடியது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடுகிற பாவில் சில இழைகள் அறுந்ததைக் கவனிக்காமல் மனுஷன் ஒரு முழம் நெய்து தள்ளியிருக்கிறார். முன்பக்கம் மெல்லிசாக ஒரு கோடு. பின்பக்கம் அறுந்த நுனிகள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாங்க இது?"

"எது?"

"கோடு!"

"எந்தக் கோடு?" என்றார், கோட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டு.

இவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை. ஊசியால் இழை ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்று ஊசிப்பெட்டியை எடுத்தேன். நூல் ஊசிக் காதுக்குள் நுழையவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன், வாசல் பக்கம் திரும்பினேன். நூல் காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிற்று.

"மட்டமான ஊசி" என்றேன்.

"ஊசி நல்லாதான்கீது, கமலம்" என்றார்.

அந்த நிமிஷத்தில் அவரைக் கொன்றுபோட்டிருப்பேன். மகளைக் கூப்பிட்டால் நொடியில் கோத்துத் தருவாள்தான். ஆனால் விஷயம் தெரிந்தால் அழுது முகம் வீங்கிப்போவாள். வேறு வழியில்லாமல் கத்தரிக்கோலால் மீசையை ஒட்டச் சிரைத்தேன். மீசை போயிற்று, கோடு போகவில்லை.

பதினோரு மணிக்கு உண்ணாமலை பிள்ளையோடு வந்தாள். காப்பியைத் தொடவில்லை. "வாம்மா" என்று ஸ்வர்ணாவைக் கிட்டே கூப்பிட்டு முந்தானையைப் பிடித்துத் திருப்பினாள். நான் ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

முதலில் கிட்டே வைத்துப் பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளினாள். கை முழுசாக நீண்ட பிறகு தலையையும் பின்னால் சாய்த்தாள்.

இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்ன, தினமும் காலையில் என் வீட்டில் பேப்பர் படிக்கிற லட்சணம்தான்! எனக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க என் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் கடைசியாக விரலால் தடவிப் பார்த்தாள். எதுவும் நெருடவில்லை.

"நெசவுன்னா இது நெசவு" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் அரிச்சந்திரன் ஆகத் தோன்றியது. "இல்லீங்க, அந்த எடத்துல வந்து..." என்று ஆரம்பித்தார்.

"ஜல்தி காப்பியைக் குடிங்க, ஆறுது" என்று டம்ளரை அவர் வாய்க்கே கொண்டுபோனேன்.

உண்ணாமலை கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள். "நாளைக் குறிச்சிடலாம். நீங்களே படிங்க" என்று அவரிடம் நீட்டினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "லட்சுமிகரமா கமலம் படிக்கட்டும்" என்று என்னிடம் தள்ளினார். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. நான், "மாப்பிள்ளையைப் பெத்தவங்க படிக்கிறதுதான் மொறை" என்று உண்ணாமலையிடமே திருப்பிக் கொடுத்தேன். பெரியவர்கள் மூன்று பேரும் அப்படி ஒரு மரியாதை காட்டினோம்.

கடைசியில் ஸ்வர்ணாதான் வாங்கினாள். பக்கத்தைத் திருப்பாமலே, "பங்குனியில ஒரு முகூர்த்தம் இருக்கு" என்றாள். சரிபார்க்க எங்களில் யாருக்கும் துப்பில்லை. அந்த நாளிலேயே கல்யாணம் நடந்தது.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் உண்ணாமலை தனியாக வந்து நின்றாள். மூக்கில் புதுக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை. பைக்குள் அந்தப் புடவை. பெண் திரும்பி வந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் புடவையை விரித்து, சரியாக அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. இதப் பாக்காமத்தான் பொண்ணு எடுத்தேன்னு சேவூர்ல தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது. பேஜாராயிடும்."

எத்தனையோ மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. "உக்காருங்க சம்பந்தி, இழை ஓட்டிடலாம்" என்று அதே ஊசிப்பெட்டியை எடுத்தேன். நூலை ஊசிப் பக்கம் கொண்டுபோனேன், விலகியது. மறுபடியும் விலகியது. உண்ணாமலை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டாள்.

முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது. ஊசி நல்ல ஊசிதான்.