கிளச் பிடிக்கும் இடம்

சடலம் சுமக்கும் சந்தூக்கை வெறுமையாக மதிலுக்கு மேலால் உள்ளே எடுத்துவிட்டார்கள். மையித்தோடு அப்படி வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டை அடைத்துக்கொண்டு ஸப்வானின் சில்வியா கார் நின்றது.

காலையில் அதன் பக்கத்தில்தான் அவன் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தான். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியாயிற்று. நண்பகல் லுஹருக்கு ஜனாஸாத் தொழுகை என்று பள்ளியில் அறிவித்தும் விட்டார்கள்.

அவன் மனைவி நப்லா வெள்ளை உடுத்து அறைக்குள் பாயில் இருந்தாள். கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா. ஆண்கள் நிற்கும் முற்றத்துக்கு அவள் போக முடியாது. பக்கத்தில் அவளுடைய உம்மா பரீனா.

ஸப்வானோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். நிலத்தோடு தாழ்த்திய கார். கேட்டுப் படியில் பலகை வைத்து எஞ்சின் இழுத்தால்தான் ஏறும். ஸப்வானின் தம்பி நுஸ்கி ஏறி ஓட்டினான். எஞ்சின் உறுமி நின்றது. மறுபடியும் நின்றது.

வெளியே யாரோ கதையை எடுத்தார்கள். போன வருஷம் தம்பலகாமம் நேர்ப்பாதையில் கொழும்புக்காரனின் ஸ்கைலைன் காரைப் பந்தயத்தில் ஸப்வான் பின்னால் விட்ட கதை. அப்படி ஒரு புறப்பாட்டை யாரும் கண்டதில்லையாம். அவனைத் தவிர இந்தக் காரை எடுக்க எவனுக்கும் ஏலாதாம்.

அன்று ஹெல்மெட்டுக்குள் இருந்தவள் நப்லா. பந்தயம் புறப்படும்போது கிளச்சில் ஸப்வானின் கால் பதறும். வளைவுக்கு அப்பால் காத்திருந்து, ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அவன் திரும்பி ஓட்டி வந்தான். இருவரும் யாருக்கும் சொல்லவில்லை.

நுஸ்கி கதவடியில் வந்து நின்று அண்ணன் மனைவியைக் கேட்டான்.

“மச்சி, நான் எடுத்தா நிண்டு நிண்டு போகுது. ஸப்வான் காக்கா உங்களுக்கு ஏதும் சொல்லியிருக்காரா?”

“அவளுக்கென்ன தெரியும் காரப் பத்தி?” என்றாள் பரீனா. “பாங்கு சொல்லப் போறாங்க. ஆக்களக் கூட்டிக் காரத் தூக்கு.”

நப்லா கதவுப் பக்கம் திரும்பினாள்.

“கிளச் கடைசியிலதான் பிடிக்கும், நுஸ்கி. ரேஸ முதல்ல ஏத்தி வெச்சுக்க. கால மெல்ல விடு. பிடிக்கக்குள்ள பயந்து கால எடுத்துராத.” நிறுத்தினாள். “அவர் அப்பிடித்தான் சொல்லுவார்.”

நுஸ்கி போனான். எஞ்சின் பற்றியது. சத்தம் ஏறி ஒரே மட்டத்தில் நின்றது.

பாயில் அழுந்தியிருந்த நப்லாவின் இடது பாதம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. ஓரிடத்தில் நின்றது. வெளியே பலகை கிரீச்சிட்டது. கார் படியேறிப் போனது.

பரீனா அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

முற்றத்தில் சந்தூக்கைத் தூக்கியவர்களின் கலிமா எழுந்தது. பரீனா குனிந்து, வெள்ளைச் சீலையை இழுத்துப் பாதத்தை மூடினாள்.