கேக்கின் மேல் நின்ற வளவன்

வேங்கிக்கால் ஊரில் கீதாஞ்சலி செய்த சாக்லேட் கேக்கின் மேல் ஐந்து பேய்கள் நின்றன. அவற்றில் நடுவில் நின்றது அவளுடைய கணவன் வளவன். அவன் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவன், தெருவில் பாதிப் பேருடைய மனுவை அவன்தான் உள்ளே கொண்டு சேர்த்திருக்கிறான். ஆகவே அடையாளம் காண்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. உயரம்தான் கம்மி, ஒரு கட்டைவிரல் அளவு.

எல்லாம் மகள் இனியாவால் வந்தது. அவள் பிறந்தது அக்டோபர் கடைசி நாள். அன்றைக்குப் பேய்த் திருவிழா என்று சொல்லி, செங்கம் சாலைப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பதைப் பார்த்துவிட்டாள். ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சுடுகாட்டு கேக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வீடாக இருந்தால் நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று வாயிலேயே போட்டிருப்பார்கள். கீதாஞ்சலியின் பிறந்த வீட்டில் சுடுகாடு என்றால் திருவிழா. மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் உருவத்தைச் சுடுகாட்டில் மண்ணால் பிடித்து, கண் திறந்து வைப்பவர் அவள் அப்பா. சின்ன வயதில் அவளுக்குச் சுண்டலும் கொழுக்கட்டையும் வயிறு முட்டக் கிடைத்த இடம் அது. அதனால் அவள் உடனே சரி என்றாள்.

பக்கத்து வீட்டு நசீம் பானு ஒத்தாசைக்கு வந்தாள். கேக்கைச் சுட்டு ஆறவைத்து, கறுப்பு பிஸ்கட்டை மிக்ஸியில் அடித்து மேலே மண்ணாகத் தூவினார்கள். மாரி பிஸ்கட்டைக் கல்லறையாக நட்டார்கள். யார் யார் செத்தார்கள் என்று எழுதும் வேலையை இனியா எடுத்துக்கொண்டு, ஒன்றில் கணக்கு என்றும் இன்னொன்றில் அறிவியல் என்றும் எழுதினாள். வெள்ளைச் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, பால் பவுடர் போட்டுக் கொழுக்கட்டை மாவு போலப் பிசைந்து, போர்வை போர்த்திய பேய்கள் பிடித்தார்கள். கடையில் வாங்கிய சர்க்கரைக் கண்கள் நாலு பேய்க்குத்தான் வந்தன. நடுப்பேய் குருடாக நின்றது. அதற்குக் கையாலேயே கண் வைத்துவிடலாம் என்று கீதாஞ்சலி ஓர் ஈர்க்குச்சியை உருகிய கறுப்புச் சாக்லேட்டில் தோய்த்தாள். தப்பு நடந்தது அங்கேதான். அப்பாவுக்குக் கூடமாட இருந்து சாமிக்குக் கண் திறந்து பழகிய கை சும்மா இருக்குமா? மூச்சைப் பிடித்து வலது கண், பிறகு இடது கண், உடனே ஒரு துண்டு கற்பூரம். திறந்த கண் முதலில் தன்னைத்தானே பார்க்க வேண்டும் என்பது அவள் வீட்டு முறை. கண்ணாடி எட்டத்தில் இருந்ததால் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து அதன் முன்னால் காட்டினாள். பேய் தன் முகத்தைப் பார்த்தது, இமைத்தது, உயிரோடு இருந்தபோது செய்தது போலவே மூக்குத்தண்டைத் தடவிக்கொண்டது.

“கீதா, இது உங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்ல?” என்றாள் நசீம் பானு.

“மாதிரி என்ன, அவரேதான்,” என்றாள் கீதாஞ்சலி. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, போய் அணைத்துவிட்டு வந்தாள்.

வளவன் இனிப்புக்காகவே பிறந்தவன். இனியா பிறந்த வருடமே அவனுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீதாஞ்சலி அவன் வாய்க்குக் காவல் இருந்தாள். டீயில் சர்க்கரை கிடையாது, கல்யாண வீட்டில் பாயசம் கிடையாது. கடைசி தீபாவளிக்கு அவன் ஓர் அதிரசத்தைப் பாதி கடித்திருந்தபோது மீதியைக் கையிலிருந்து பிடுங்கினாள். அதே வாரம் அவன் அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது என்றார்கள். அந்த அரை அதிரசம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஒவ்வொரு அமாவாசைக்கும் படையலில் இனிப்பு வைத்துப் பார்த்தாள். காக்காதான் தின்று கொழுத்தது.

செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் தெருவே கூடத்தில் நின்றது. இனியா மெழுகுவத்தியை ஊதி முடித்ததும் வளவன் பிஸ்கட் மண்ணில் நடந்துபோய், கணக்கின் கல்லறையைப் பிடுங்கித் தின்னத் தொடங்கினான். ஒரு மூலை முடிந்து அடுத்த மூலைக்கு வாயைத் திறந்தபோது, “போதுங்க, சுகர் ஏறிடும்,” என்று கீதாஞ்சலியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வளவன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தான். செத்தவனையும் விடவில்லையே என்று அவளுக்கு ஆற்றமாட்டாத அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதாள்.

“சாப்பிடுங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மனசார சொல்றேன், சாப்பிடுங்க.”

“நெஜமாவா சொல்ற?” என்று சந்தேகத்தோடு கேட்டான். குரல் அதே குரல், சத்தம்தான் கம்மி. அவள் தலையாட்டியதும் கணக்கை முடித்து, அறிவியலை முடித்து, மண்ணை அள்ளி அள்ளித் தின்றான். மழைக்கு முந்தின புழுக்கம். அவன் பாதங்கள் இளகிக் கேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கரைவதற்குள் அப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று இனியா தட்டைத் தூக்கினாள்.

“வேணாம்டா கண்ணு. ஐஸ் பெட்டில ஒரு தடவ படுத்ததே போதும்,” என்றான். பிறகு கீதாஞ்சலியை ஏற இறங்கப் பார்த்தான். “ஏன் கீதா, செஞ்சவ ஒரு வாய் தின்னமாட்டியா?”

அப்போதுதான் அவள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவனுக்கு இல்லாத இனிப்பு தனக்கும் வேண்டாம் என்று, டாக்டர் சொன்ன அன்றே விட்டுவிட்டாளாம். ஊருக்கெல்லாம் கேக் செய்து கொடுத்தாள், ருசி பார்ப்பதற்கு மகளைத்தான் கூப்பிடுவாள். வளவன் முறுக்கு உடைப்பது போலத் தன் இடது கையைத் தோளோடு ஒடித்து அவளிடம் நீட்டினான். வலிக்கவில்லை என்றான். அவள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பில் அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. மீதி வளவனும் அவள் உள்ளங்கையில்தான் கரைந்தான், கடைசிவரை அவன் வாயில் கேக் இருந்தது.

மறு வருடம் அடி அண்ணாமலையிலிருந்தெல்லாம் சுடுகாட்டு கேக்குக்கு ஆர்டர் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். கீதாஞ்சலி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. சிலருக்கு வேண்டியவர்கள் வந்தார்கள், சிலருக்கு வரவில்லை. வராதவர்களுக்குக் கேக் நன்றாக இருந்தது. வளவன் மட்டும் இனியாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் வருகிறான். தெருக்காரர்கள் கூடி வாழ்த்துப் பாடி, அவனிடம் பட்டா மாறுதல் பற்றி ஒன்றிரண்டு சந்தேகம் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு நசீம் பானு இனியாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக, மற்றவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தின்னும்போது பக்கத்தில் நிற்பது மரியாதை இல்லை.