ஒரு கண்ணி மேலே

புது பல்பு போட்ட அன்றும் மாமனார் அதையேதான் சொன்னார்.

"மங்கலாத்தான் இருக்கு மாப்ள."

மீன் தொட்டிக்கு மேலே சங்கிலியில் தொங்கிய மெட்டல் ஹேலைடு விளக்கு முதலில் ஊதாவாக முனகி, மெல்ல மெல்ல வெளுத்து, சற்று நேரத்தில் கூடத்தையே நடுப்பகலாக்கியிருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் கண் கூசியது. ஆனாலும், "ஆமா மாமா, கொஞ்சம் மங்கல்தான்" என்றான். வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு ஆமா மாமா என்பது மூச்சு விடுகிற மாதிரி. சோபாவில் தனக்கென்று ஒரு மூலை அமையவே அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. அந்த வீட்டில் மீன்கள்கூட அவனுக்கு சீனியர்.

வேடிக்கை என்னவென்றால், அவன் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. எழுத்து கண்ணுக்குத் தெரியாமலே யார் யார் குத்துமதிப்பாகப் படிக்கிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. மாமனார் செய்தித்தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடிப்பதையும், டம்ளரை எடுக்கும் முன் மேஜையைத் தடவுவதையும் அவன் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். புரை. இரண்டு கண்ணிலும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒருமுறை பேச்சுவாக்கில் ஆரம்பித்தபோது, "வீட்டுலயும் கடை போட்டாச்சா மாப்ள?" என்று மாமனார் சிரித்தார். அத்தோடு அவன் கடையைக் கட்டிவிட்டான்.

மாமனார் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சத்தைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. பவளம் என்றால் கல் என்றுதான் மாப்பிள்ளை கல்யாணம் வரை நினைத்திருந்தான். அது உயிர், வெளிச்சத்தில் வளர்கிற உயிர் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "பல்பு பழசானா வெளிச்சம் இறங்கிடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது மாப்ள, பவளத்துக்குத் தெரிஞ்சிடும்" என்பார். தொட்டி நடுவே பச்சையாகக் கிளை விட்டிருந்த பவளம் காலமான மாமியார் தன் கையால் வைத்தது. வைத்தபோது கட்டைவிரல் அளவு; இப்போது விரித்த கை அளவு. மாமியார் போன பிறகு அவருடைய புடவைகளை எடுத்துக் கொடுக்கச் சம்மதித்த மனிதர், அந்தப் பவளத்தின் பக்கம் யாரையும் அண்ட விட்டதில்லை. அது வளராமல் நின்றுபோய்விட்டது என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை.

புது பல்பும் சரிப்படாததால் விளக்கையே மாற்றுவது என்று முடிவு செய்தார். இருநூற்றைம்பது வாட்டுக்குப் பதில் நானூறு. சோக்கும் ஒயரும் அவரே இணைத்தார். ஸ்க்ரூ கீழே விழுந்தால் தேடி எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளையின் வேலை. மாமனாரின் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் மட்டும் ஒயரின் நுனியைத் தேடிப்பிடித்துத் துளையில் செருகின. ஒரு பிசகும் இல்லை. விளக்கை முடிந்தவரை உயரத்தில் மாட்டச் சொன்னார். "பவளத்தைத் திடுதிப்புன்னு இவ்வளவு வெளிச்சத்துல நிறுத்தக் கூடாது. சங்கிலியில வாரத்துக்கு ஒரு கண்ணிதான் கீழ இறக்கணும். அவசரப்பட்டா கருகிடும்."

விதி அவர் சொன்னதுதான். மறுநாளே ஒரு கண்ணியை இறக்கியவரும் அவர்தான். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. காலையில் விளக்கு சூடேறியதும் தொட்டி முன் நின்று கண்ணைச் சுருக்குவார், உதட்டைப் பிதுக்குவார், ஸ்டூலில் ஏறிவிடுவார். மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொள்வான்.

பவளம் முதலில் அழகாகத்தான் ஆனது. கரும்பச்சை இளம்பச்சையாகி உள்ளுக்குள் விளக்கேற்றியது போல மினுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இப்பதான் சார் களை கட்டுது" என்று பாராட்டிவிட்டுப் போனார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சில நாட்களில் கிளை நுனிகள் வெளுத்தன. பிறகு கிளைகளே வெளுத்தன.

"அம்மா வெச்ச பவளம் சாகுதுங்க" என்றாள் மனைவி, சமையலறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

"உங்கப்பாதானே, நீ சொல்லேன்."

"நான் சொன்னா சண்டை போடுறேன்னு நினைப்பாரு. ஊர்ல இருக்கிற கண்ணையெல்லாம் பார்க்கிறீங்க. வீட்டுல ஒரு ஜோடிக் கண்ணைப் பார்க்க முடியலையா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம் என்பதால் கோபம்கூட வரவில்லை. வெறும் வெட்கமாக இருந்தது.

அவன் கூடத்துக்கு வந்தபோது மாமனார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னும் ஒண்ணு இறக்குனா சரியாயிடும்."

அவன் ஸ்டூலைப் பிடிக்கவில்லை. கடையில் கேட்கிற அதே குரலில், "மாமா, நடுவுல இருக்கிற பவளம் இப்ப என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி? பச்சை."

"வெள்ளையா இருக்கு மாமா."

மாமனார் திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தில் எதையோ தேடுகிறவர் மாதிரி, முகத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"நாலஞ்சு நாளா."

மாமனார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, தொட்டியின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, கையைத் தண்ணீருக்குள் விட்டார். மீன்கள் விலகின. விரல் ஒரு கிளையின் நுனியிலிருந்து அடி வரை மெதுவாக இறங்கியது. அடுத்த கிளை. அதற்கடுத்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வழவழப்பு இருக்கு. உயிர் போகல" என்றார். கையை எடுக்காமலே, "ஸ்டூல்ல ஏறுங்க மாப்ள. தூக்குங்க" என்றார்.

அவன் ஏறினான். விளக்கின் சூடு முகத்தில் அடித்தது. சங்கிலியைக் கொக்கியிலிருந்து எடுத்து ஒரு கண்ணி மேலே மாட்டினான்.

"இன்னும்."

இன்னொரு கண்ணி. வெள்ளைக் கிளைகளுக்கு நடுவே அவருடைய கை அசையாமல் இருந்தது.

"இன்னும் தூக்குங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவன் கண்ணி கண்ணியாக உயர்த்திக்கொண்டே போனான். தொட்டியின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. ஒரு சின்ன மீன் திரும்பி வந்து, மாமனாரின் விரலையும் பவளத்தையும் மாறி மாறிக் கொத்திப் பார்த்தது.