ஜெபசிங் இன்னும் அவுட் ஆகவில்லை

சத்தியம் செய்வதற்கென்றே பேர்போன திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தில் கையை வைத்துச் சொல்வது: கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. காசிமேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த முத்தம்மா, நுரையீரலில் நீர் கோத்து இறந்து எட்டு மாதம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி நாற்பத்தொரு ரன் எடுத்தார். அதில் ஆறு பவுண்டரி. அன்றைக்கு டீ பன்னிரண்டு ரூபாய்.

இதற்கெல்லாம் மூலகாரணம் கோதண்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இருபது ஓவர் ஆட்டம் வந்து ஐம்பது ஓவர் ஆட்டத்தை ஓரங்கட்டியதிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. "மூணு மணி நேரத்துல முடிஞ்சா அது மேட்ச்சா நைனா? அது சினிமா" என்று சொல்லிவிட்டு, தாமே ஒருநாள் அணி அமைக்க உட்கார்ந்துவிட்டார். நாலு பிஸ்கட் டப்பா. தொடக்க ஆட்டக்காரர்கள் ஒன்றில், நடுவரிசை ஒன்றில், கீப்பர்கள் ஒன்றில், பந்துவீச்சாளர்கள் ஒன்றில். எந்த நாடு, எந்தக் காலம் என்ற பேதமில்லை. துண்டுச் சீட்டில் ஆட்டக்காரர் பேரை எழுதிப் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வந்தது வந்ததுதான், திருப்பிப் போடக் கூடாது. தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் ஆளுக்கொரு முனையில் நின்று ஆடும்படி அமைந்ததுண்டு.

எதிரணித் தலைவர் தவசிமுத்து. விளாத்திகுளத்துப் பக்கமிருந்து வந்து, கூட்ஸ் ஷெட்டுக்கு எதிரே பருப்பு மொத்த வியாபாரம் வைத்திருப்பவர். மூட்டைக்குள் கையை விட்டு எடுத்தாரென்றால், எந்த ஊர்ப் பருப்பு, எத்தனை மழை பார்த்தது என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் சர்ச், மதியம் மட்டன், சாயங்காலம் கோதண்டத்தின் டப்பா. அணிகள் அமைந்ததும் ஆட்டம் புத்தகத்தில் நடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டெஸ்க்குக்கு அடியில் ஆடுவார்களே, அதேதான்: பார்க்காமல் புத்தகத்தைத் திறந்தால், பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். இதற்கென்று தவசிமுத்துவிடம் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி இருந்தது. அதில் இருந்த நம்பர்களில் ஒன்றுகூட இப்போது அடிக்காது.

பெருந்தொற்று அடங்கிய அடுத்த மழைக்காலத்தில் டப்பாக்களுக்குள் தண்ணீர் புகுந்து சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டும் டில்லிபாபு, "நான் கொண்டாறேன் மாமு, மாடு தின்னாலும் ஜீரணமாவாத பேப்பரு" என்று ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டான். அடித்து மீந்துபோன கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். வடசென்னையில் யார் செத்தாலும் வேண்டியதைவிட ஐம்பது போஸ்டர் கூடத்தான் அடிப்பார்கள். மிச்சம் அச்சகத்து மூலையில் கிடக்கும். டில்லிபாபு ஆளுக்கு ஒரு துண்டு வெட்டினான். வெள்ளையாயிருந்த பின்பக்கத்தில் உலகத்து ஆட்டக்காரர்களின் பேரை எழுதினார்கள். முன்பக்கத்தில் இருப்பது யார் முகம் என்று ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் தம் அணியின் முதல் பந்துக்கு டைரக்டரியைத் திறந்தார். நாலு. மைதானத்தில் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. நைலக்ஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முத்தம்மா நின்றிருந்தார். பந்து வேலியோரம் உருண்டுகொண்டிருந்தது.

"மாமு, அது நம்ம முத்தம்மாக்கா மாதிரி கீது."

"மாதிரி இன்னாடா மாதிரி? அவளேதான். அடுத்த பாலு போடச் சொல்லு."

சுற்றி நின்ற பதினோரு பேரும் போஸ்டர்காரர்கள்தான். அச்சில் நிறம் தள்ளி விழுந்ததுபோல அவர்கள் உதட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு உதடு லேசாகத் தெரிந்தது. நிழல் விழுந்தது, ஆனால் சூரியன் இருக்கும் பக்கமாக விழுந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, ஃபீல்டிங்கெல்லாம் சுத்தம். பூஜ்யம் வந்தபோது முத்தம்மா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி, கடல் இருக்கும் திசையில் போய் மறைந்தார். டில்லிபாபு அவருடைய சீட்டைப் புரட்டினான். முகம் இருந்த இடம் வெள்ளையாயிருந்தது.

விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரமே ஜனம் சோற்றுத் தூக்கோடு வந்துவிட்டது. செத்தவருக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். அவுட் ஆனாலும் சரி, அவுட் ஆகாமல் ஓவர் முடிந்தாலும் சரி, தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் திரும்பி வருவதில்லை என்று தெரிந்தும், பத்திரமாக மடித்து வைத்திருந்த போஸ்டரைக் கொண்டுவந்து டில்லிபாபு கையில் கொடுத்தார்கள். முத்தம்மாவின் மகள் பூவம்மா, தன் அம்மா எல்பிடபிள்யூ இல்லவே இல்லை என்று கோதண்டத்திடம் ஒரு மாதம் சண்டை போட்டாள். ரயில் இன்ஜின் ஓட்டிச் செத்துப்போன ஜெரால்டின் பெண்டாட்டி ஆலிஸ், அவர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜெரால்ட் திரும்பவில்லை. ஒருவரும் தம் வீட்டாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தார்கள். அதுதான் ஜனங்களுக்குத் தாங்கவில்லை, ஆனாலும் வந்தார்கள்.

தவசிமுத்து இதில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை. ஒரே மகன் ஜெபசிங் மணலி புதுநகரில் உயிரோடுதான் இருந்தான். வியாசர்பாடி ஷாலுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாடகை வீட்டில் குடியிருந்தான். அவன் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள், கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியிருந்தது: ஜெபசிங்கின் சிரித்த முகம், கண்ணீர் அஞ்சலி, இப்படிக்குத் துயரத்துடன் தந்தை. ஒட்டச் சொன்னவர் தவசிமுத்துதான். எந்த வீட்டுப் பெண் என்று விசாரித்த உறவுக்காரர்களுக்கு அவர் சொன்ன பதில் அந்தப் போஸ்டர். ஜெபசிங் தன் போஸ்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வருஷமாக அப்பனும் மகனும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. அந்தப் போஸ்டரிலும் ஐம்பது மீந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் ஆளாக இறங்க நடுவரிசை டப்பாவிலிருந்து சீட்டை எடுத்தது தவசிமுத்துவின் கைதான். பின்பக்கத்தில் எப்போதோ ரிட்டயர் ஆன வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் பேர். அன்றைக்குத் தவசிமுத்து அணி முதலில் ஆடியது. மூன்று விக்கெட் போனதும் வேப்ப மர நிழலிலிருந்து எழுந்து கட்டம் போட்ட சட்டையில் நடந்து வந்தவன் ஜெபசிங்.

"கட்டுல அடியில கெடந்துது அண்ணாச்சி" என்றான் டில்லிபாபு. "பாக்காம வெட்டிட்டேன்."

"அவன்தான் உசுரோட இருக்கானே?" என்றார் தவசிமுத்து.

"போஸ்டருக்கு இன்னா தெரியும்?" என்றார் கோதண்டம்.

டில்லிபாபு ஜெபசிங்கின் போனுக்கு அடித்தான். எடுத்தது ஷாலு. "டில்லியாண்ணா? இவர வந்து பாரேன். சோத்துல கை வெச்சாரு, அப்டியே நின்னுச்சு. கூப்ட்டா திரும்ப மாட்டேன்றாரு. ஒடம்பு சில்லுனு கீதுண்ணா. இன்னாத்தியோ உத்துப் பாத்துகினே கீறாரு." ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலைத் தவசிமுத்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்.

நிலைமை எல்லோருக்கும் விளங்கியது. பூஜ்யம் வந்தால் ஜெபசிங் தண்டவாளத்தைத் தாண்டுவான். ஐம்பது ஓவரும் தாக்குப்பிடித்தாலும் ஓவர் முடிந்ததும் தாண்டுவான். தவசிமுத்து டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் வெற்றிலை மென்றபடி திறந்தவர், இப்போது அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு பக்கமாகத் தேடித் திறந்தார். இரண்டு. நாலு. ஆறு. மறுபடி இரண்டு. மைதானத்தில் ஜெபசிங் அழகாக ஆடினான். நிஜத்தில் அவன் கேரம் தவிர வேறெதுவும் ஆடியவனில்லை. எதிர்முனையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எண்ணெய் டேங்கர் வண்டியொன்று ஊளையிட்டுக்கொண்டு மணலிப் பக்கம் போயிற்று. ஜெபசிங் ஐம்பதைத் தொட்டபோது பழக்கதோஷத்தில் யாரோ கைதட்டி, பக்கத்திலிருந்தவரிடம் அடி வாங்கினார்.

ஜெரால்ட் புது ஓவர் போட வந்தார். ஆலிஸ் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் அவர் ஆடிய ஒரே ஆட்டம் இதுதான். ஓடத் தொடங்கும் இடத்தில் பந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். தவசிமுத்து வலது கைக் கட்டைவிரலைப் பக்கங்களுக்கிடையே செருகினார். செருகியதும் தெரிந்துவிட்டது. பருப்பு சொல்லும் கைக்குப் பக்கம் சொல்லாதா? அந்தப் பக்கத்தில் பூஜ்யம் இருந்தது. செருகிய விரலை எடுத்து வேறு இடத்தில் வைப்பது ஆட்டத்தில் கிடையாது.

"தொறங்க அண்ணாச்சி. பவுலர் நிக்கிறாரு பாருங்க."

"நிக்கட்டும்."

"எவ்ளோ நேரம் நிப்பாரு?"

"நிக்கட்டும்னு சொல்லுதேம்லா வே."

விரலை உள்ளே வைத்தபடியே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, தெருவைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டார். டில்லிபாபுவின் போனில் ஷாலு அழுவது கேட்டது. அதற்குப் பின்னால், ஆட்டம் நின்றதும் மீண்ட ஜெபசிங்கின் குரல், ரசத்தில் உப்பு இல்லை என்று.

தேவகிருபை, ஒட்டிய போஸ்டருக்காகப் புருஷனிடம் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள், அவர் விரலையும் புத்தகத்தையும் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். "உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் போஸ்டர் ஒட்டச் சொன்ன கைதான? பிடிச்சிக்கிட்டே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இடது கைக்கு வாகாகத் தட்டைத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் ஷாலு கடைக்கு வந்தாள். கைப்பையிலிருந்து மடித்த போஸ்டர் ஒன்றை எடுத்துப் பருப்பு மூட்டைமேல் விரித்தாள்.

"இப்படிக்கு தந்தைன்னு போட்டுகிறீங்க மாமா. மருமவ பேர வுட்டுட்டீங்களே."

தவசிமுத்து மூட்டைக்கு அந்தப் பக்கம் கிடந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.

ஜெபசிங் அந்த வாரக் கடைசியில் மைதானத்துக்குப் போய், மட்டையை ஊன்றி நிற்கும் தன்னையே சுற்றி வந்து பார்த்தான். "இடது கால இன்னும் கொஞ்சம் முன்ன வெக்கணும்" என்று டில்லிபாபுவிடம் சொன்னான். பிறகு கடைக்கு வந்தான்.

"வலிக்குதாப்பா?"

"இல்லடே."

மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். அதற்கப்புறம் வாராவாரம் வந்து, முகம் மழித்துவிட்டு, புத்தகம் இருக்கும் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சட்டை மாற்றிவிட்டுப் போனான். போஸ்டரைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. தவசிமுத்துவுக்கு அதுதான் புத்தகத்தைவிடக் கனமாக இருந்தது.

நாலு வருஷம் ஓடிவிட்டது. தவசிமுத்து டைரக்டரியோடு வியாபாரம் செய்கிறார், டைரக்டரியோடு நற்கருணை வாங்குகிறார், தூக்கத்தில் திறந்துவிடாமலிருக்கச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு படுக்கிறார். அந்தச் சீட்டை எடுத்தவர் அவர்தான் என்பதால் அவருக்குப் பதில் இன்னொருவர் பிடிக்க முடியாது. ஜெபசிங் கேட்டுப் பார்த்தான், கோதண்டம் சட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார். தவசிமுத்துவின் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தேவகிருபை, டைரக்டரியை மூடியபடியே கூட வைத்துப் புதைத்துவிடலாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். மைதானத்தில் ஆட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஸ்லிப் ஃபீல்டர்களைச் சுற்றி ஒடித்துப் போகப் பழகிவிட்டன. மழை பெய்தால் ஆலிஸ் குடையோடு வந்து ஜெரால்டுக்குப் பிடிக்கிறாள். ஆட்டம் முடியாததால் அவரும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் தவசிமுத்துவுக்குக் கேக் அனுப்புகிறாள். அவள் மட்டுமல்ல, அந்த மைதானத்தில் ஆள் நிற்கும் எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது வரும். ஜெபசிங்குக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாத்தா மடியில் எப்போதும் புத்தகம் இருப்பதால், அவர் பெரிய படிப்பாளி என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜெபசிங் ஐம்பத்திரண்டு, நாட் அவுட்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மகிழ மரத்துச் சத்தியம் முழுமையாகாது. தவசிமுத்துவுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. பத்தொன்பது வயதில் ஊரில் ஒரு பருப்பு மில்லில் பெல்ட்டில் சிக்கி, அடியோடு போய்விட்டது. டைரக்டரிக்குள் செருகியிருப்பது அந்த விரல்தான்.