முன்சீட்டிலிருந்து சத்தமில்லை

இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிளில் தங்கை முன்னால், கண் தெரியாத அண்ணன் பின்னால். இரண்டு பெடலும் சேர்ந்தே சுற்றுவதால், அவள் கால் சோர்ந்தால் அவன் காலுக்குத் தெரிந்துவிடும். "பள்ளம்", "வேகத்தடை" என்று அவள் குரல் கொடுக்க, அவன் சீட்டைவிட்டு எழும்பிக்கொள்வான். "பின்னாடி உக்காந்து ஓசிப் பயணமா?" என்று கிண்டலடிப்பவர்களிடம், "ஏறி மிதிச்சுப் பாரு, நாக்குத் தள்ளிடும்" என்பான்.

இன்று பாதி வழியில் அவளுக்குப் போன் வந்தது. தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குண்ணா. வீட்டுக்குத் திரும்பிடலாம்."

வெயில் அவன் பிடரியைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொல்லக்கூட இவளுக்குத் துப்பில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எனக்கொண்ணும் இல்ல, வழக்கம்போல சைக்கிள்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று இவர்களை அனுப்பி வைத்ததே அவர்தான்.

அவனுக்கு அழுகை வரவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

திரும்பும் வழியில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் கால்கள் பெடலோடு வெறுமனே சுற்றின. இரண்டு பேர் பாரத்தையும் அவனே மிதித்தான். மர அறுவை மில்லின் இரைச்சல் நெருங்கியது. வரும்போது அதன் வாசலில்தான் அவள் "வேகத்தடை" என்று கத்தியிருந்தாள். இப்போது சத்தமில்லை.

"வேகத்தடை வருது, பிரேக்கப் பிடி" என்றான் அவன்.

பிடித்தாள். வண்டி மெதுவாக ஏறி இறங்கியது.

"அண்ணா... அப்பா..."

"தெரியும். நீ மிதி."