கோழிப்பண்ணை வீட்டு இறால்

சண்முகப்பிரியா நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. புருஷனின் கோழிப்பண்ணையில் விரிசல் விட்ட முட்டையை வியாபாரி எடுக்கமாட்டான். அத்தனையும் அவள் அடுப்படிக்குத்தான் வரும். பொரியல், குழம்பு, ஆம்லெட், மறுபடி பொரியல். இந்தத் தீபாவளிக்கு வேறு ஏதாவது செய்தே தீருவதென்று முடிவு கட்டினாள். இறாலும் கணவாயும் நண்டுச் சதையும் வெள்ளைச் சாஸில் கலந்து, மேலே சீஸும் ரொட்டித்தூளும் தூவி, ஓவனில் வேகவைக்கிற பதார்த்தம். வீடியோவில் நாற்பது தடவை பார்த்திருந்தாள்.

சேலத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும் புருஷன் பூபதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மத்தியானம் காளியண்ணன் மாமா சாப்பிட வாராரு. தெரியுமில்ல?"

"வரட்டுமுங்க. நெறையத்தான் இருக்குது."

காளியண்ணன் கோழிப்பண்ணையாளர் சங்கத் தலைவர். 'நம்ம ஊட்டு எலையில நம்ம பண்டம்', அதாவது கோழியும் முட்டையும்தான் என்று போன மாசம்தான் மேடையில் எல்லாரையும் உறுதிமொழி எடுக்க வைத்தார். முதலில் கை தூக்கியவன் பூபதி. செயலாளர் பதவி மேல் அவனுக்கு ஒரு கண்.

கமிட்டிக்காரர்கள் நாலு பேரோடு தலைவர் வந்து உட்கார்ந்தார். பொன்னிறமாக மேல்தட்டு முறுகிய பாத்திரத்தைச் சண்முகப்பிரியா கொண்டுவந்து வைத்தாள். வாசனை கூடத்தை நிறைத்தது.

"இது என்ன சாமி?" என்று கேட்டார் தலைவர்.

அவள் வாய் திறப்பதற்குள் பூபதி முந்திக்கொண்டான். "முட்டைங்க மாமா. முட்டை பேக்."

"எத்தனை முட்டை?"

அவள் போட்டது இரண்டு. "இருபதுங்க" என்றான் பூபதி.

தலைவர் திருப்தியாகக் கரண்டியை விட்டு அள்ளினார். முழு இறால் ஒன்று, சிவந்து சுருண்டு, மேலே வந்து படுத்துக்கொண்டது. எல்லோரும் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அதை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

"நல்ல முட்டை" என்றார்.

கமிட்டியும் நல்ல முட்டை என்றே சொன்னது. தலைவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவிய கையோடு, 'நாமக்கல் முட்டை பேக், செய்முறை: சண்முகப்பிரியா பூபதி, இருபது முட்டை' என்று சங்கத்து வாட்ஸப் குழுவில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து போன். "ஏனுங்க, நீங்க சொன்னாப்பலதான் செஞ்சோம். ரப்பராட்ட இருக்குதுங்க." பதினாறு வீட்டில் அதே கதை. இல்லாத பண்டத்துக்கு அவள் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள்.

"இருபது முட்டை இல்லீங்க, ரெண்டுதான். மீதி இறா, கணவாய், நண்டு. தலைவரு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாருங்க."

அன்று முழுக்கக் குழுவில் ஈ காக்கை இல்லை. பூபதி துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டான். செயலாளர் பதவியும் பிற்பாடு வேறொருவருக்குத்தான் போனது.

அன்று சாயங்காலம் தலைவர் சம்சாரம் சின்னாயி போனில் கூப்பிட்டாள். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

"கண்ணு, இறாவ மொதல்லயே வேக வெக்கோணுமா, பச்சையாவே போடலாமா? இவரு பொங்கலுக்குச் செய்யச் சொல்றாரு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

"எழுதிக்கறீங்களா அத்தை?"

"இரு, பேனா எடுத்துக்கறேன்."

சண்முகப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.