தம்புசாமியின் மனப்பாடம்

தம்புசாமி படியேறி வந்து "டீச்சர்" என்று கூப்பிட்டபோது, சீதாலெட்சுமிக்குக் கையிலிருந்த கத்தியை அவன் மேல் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டேயிருந்தாள்.

பின்னே என்ன? ஜப்பான்காரன் கட்டிவிட்ட கைப்பட்டையோடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இவன் ஆடிய ஆட்டம் கொஞ்சமா நஞ்சமா? இங்கிலீஷ் டீச்சர் வீட்டில் இங்கிலீஷ் கதைப் புத்தகம் இருக்கிறது என்று சொல்லி, அத்தனையையும் அவள் கையாலேயே வாசலில் போட்டுக் கொளுத்த வைத்தான். அதைக்கூட விட்டுவிடலாம். சியாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க லோரி வந்த அன்று, விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவள் புருஷன் பாலனை விரலை நீட்டிக் காட்டிக் கொடுத்தானே, அதை எப்படி மன்னிப்பது? பாலன் திரும்பவில்லை. கூடப் போய் எலும்பும் தோலுமாய் வந்த ஒருவன், "பேதியில போயிட்டாரு அக்கா" என்று அழுதான். தெருவே தம்புசாமியை அண்ணே, அண்ணே என்று நடுங்கிக்கொண்டு கூப்பிட்டது. அவள் மட்டும் அந்த வார்த்தையை அன்றோடு நிறுத்திவிட்டாள். இவன் ஒருநாள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்போது ஜப்பான் சரணடைந்துவிட்டது. வெள்ளைக்காரன் இன்றோ நாளையோ வந்துவிடுவான். கைப்பட்டையை அடுப்பில் போட்டுவிட்டு ஐயா வந்து நிற்கிறார், பல்லை இளித்துக்கொண்டு!

"தொரைகிட்ட நான் நல்லவன்னு பேரு வாங்கணும் டீச்சர். யெஸ் சார், நோ சாரைத் தவிர எனக்கு என்னா தெரியும்? புஸ்தக இங்கிலீஷ்னா தொரைமாருக்கு உசிரு. நம்ம ஆபீஸ்ல கணக்கு எழுதற பெரிய கிராணி அப்படிப் பேசித்தானே மேல வந்தாரு. கதையில பெரிய மனுசன் பேசுவான் பாருங்க, அந்த மாதிரி நாலு வரி சொல்லிக் குடுங்கலா."

"புஸ்தகத்தைத்தான் எரிச்சாச்சே."

கொஞ்சமாவது வெட்கம் வர வேண்டுமே? ம்ஹூம். "ஒங்க தலையில இருக்குமில்ல?" என்றான்.

கத்தி நின்றது. "இருக்கு. நாளைக்கு வாங்க."

அன்று சாயங்காலம் உட்கார்ந்து அவளே எழுதினாள். எந்தக் கதையிலும் இல்லாத பேச்சு அது. அவனுக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு சொல்கூட விழாமல், பழைய கதைப் பிரபுக்கள் பாணியில் நீட்டி முழக்கினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "என் விரல் நீண்ட வீடுகளிலெல்லாம் விளக்கு அணைந்தது. என் அண்டை வீட்டானை அவன் மனைவியின் கண்ணெதிரே அந்நியனிடம் பிடித்துக் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீதியின் முன் தலை குனிகிறேன்."

"இதுக்கு என்னா அர்த்தம் டீச்சர்?" என்று அவன் கேட்காமலில்லை.

"மொதல்ல நாக்குல படியட்டும். அர்த்தம் பின்னால வரும்."

அவன் படித்த பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அவனுக்கு இது நியாயமாகவே பட்டது. வேறு யாரிடம் போய்க் கேட்பான்? அவன் முகத்தில் முழிக்கவே கோட்டர்ஸில் ஆளில்லை.

தினமும் வந்தான். தப்பினால் வாட்டி எடுத்தாள். எங்கே நெஞ்சில் கை வைப்பது, எங்கே தலை குனிவது என்று நடித்துக் காட்டினாள். "இந்த எடத்துல விரலை நீட்டணும்." நீட்டினான். அதே விரல்.

"இன்னொரு தடவை," என்றாள்.

வெள்ளைக்காரன் வந்தான். ஸ்டேஷன் முற்றத்தில் மேசை போட்டு ஒரு ராணுவ அதிகாரி ரயில்வே ஆட்களை விசாரித்துக்கொண்டிருந்தார். தம்புசாமி வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, "நீங்க பக்கத்துல நின்னா தைரியமா இருக்கும்" என்று டீச்சரையும் இழுத்துக்கொண்டு போனான். வரிசையில் நின்ற சனத்தை முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றான். பழைய திமிர் எங்கே போகும்?

சொன்னான் ஐயா, கணீரென்று! விரல் நீண்டது, கை நெஞ்சுக்குப் போனது, தலை குனிந்தது. அதிகாரியின் பேனா அப்படியே நின்றது.

"இது உண்மையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எது கேட்டாலும் யெஸ் சார் என்றுதான் பாடம். "யெஸ் சார்!"

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "தான் என்ன சொல்கிறோம் என்று இவனுக்குத் தெரியுமா?"

நாலு வருஷமாய் எந்த வெள்ளைக்காரனிடமும் பேசாத இங்கிலீஷ், அவளுக்குத் தடையில்லாமல் வந்தது. "தெரியாது சார். வார்த்தை என்னுடையது. செய்தது இவன். பிடித்துக் கொடுத்தது என் புருஷனை. கோட்டர்ஸில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

அதிகாரி கையசைத்தார். இரண்டு சிப்பாய்கள் வந்து தம்புசாமியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"டீச்சர், எப்படிச் சொன்னேன்?"

"ஒரு பிசகு இல்ல, அண்ணே."